ஆர்மியா, ட்ரோனா, போலீஸா, பேச்சுவார்த்தையா: தீவிரவாதத்தை நிறுத்த எதுல காசு போடணும்?

எங்க குண்டு வெடிச்சாலும் அன்னைக்கு சாயங்காலமே டிவி டிபேட்ல ரெண்டு கட்சி உக்காந்துரும். ஒருத்தர் இது பெரிய சர்வதேச நெட்வொர்க், ஆர்மிய அனுப்பி வேரோட அறுக்கணும்பார், இன்னொருத்தர் இதெல்லாம் நெட்ல வீடியோ பாத்து கெட்டுப்போன தனி ஆளுங்க வேலை, பின்னாடி யாருமே இல்லம்பார். கேக்குற நமக்கு ரெண்டும் சரி மாதிரிதான் இருக்கும். ஆனா ஒரு அரசாங்கம் இதுல எதை நம்புதுங்குறத வச்சுதான் காசு எங்க போகும், எத்தனை பேர் உள்ள போவாங்க, எந்த சட்டம் வரும்னு எல்லாமே முடிவாகுது, அதனால எந்த வழி நல்லதுன்னு பாக்குறதுக்கு முன்னாடி இவனுங்க உண்மையிலயே எந்த அளவுக்கு ஆர்கனைஸ்டா இருக்கானுங்கன்னு பாத்துடுவோம்.

2013 ஆரம்பத்துல மாலி நாட்டு திம்பக்டு ஊர்லேர்ந்து அல் கைதா ஆளுங்கள ஃபிரெஞ்சு படை விரட்டினப்போ, அவங்க விட்டுட்டுப் போன பில்டிங்ல ஏபி நியூஸ் ஏஜென்சிக்காரங்களுக்கு நூத்துக்கு மேல பில்லு கிடைச்சுது. ஆயுதம் வாங்கின பில்லுன்னு நினைச்சிடாதீங்க, கேக் வாங்கினது அறுபது சென்ட், ஒரு சோப்பு, ஒரு பாக்கெட் மக்ரோனி, ஒரு ட்யூப் சூப்பர் க்ளூன்னு மளிகைக் கணக்கு. துப்பாக்கிய தோள்ல மாட்டிக்கிட்டு கடைக்குள்ள வந்தவன் கடுகு சாஸ் பாட்டிலுக்கு பில்லு குடுன்னு நிக்கிறான். அதே இடத்துல ஒரு லெட்டரும் சிக்குச்சு, மொக்தார் பெல்மொக்தார்ங்குற கமாண்டருக்கு மேலிடம் எழுதினது, நீ போன் எடுக்க மாட்டேங்குற, செலவுக் கணக்கு அனுப்ப மாட்டேங்குற, மீட்டிங்குக்கு வர மாட்டேங்குறன்னு பக்கம் பக்கமா திட்டு. அவன் கோவிச்சுக்கிட்டு தனியா போயி 2013 ஜனவரில அல்ஜீரியாவுல இன் அமெனாஸ் கேஸ் பிளான்ட்ட புடிச்சு பிணைக்கைதி வச்சு டஜன் கணக்குல ஆளுங்க செத்தாங்க.

எனக்கு இதுல சிரிப்பு வந்தாலும் விஷயம் அங்கதான் இருக்கு. தலைமறைவா இருக்குற ஒரு கூட்டத்துக்கு கண்ட்ரோல் வேணும்னா கணக்கு வேணும், கணக்கு வேணும்னா பேப்பர் வேணும், போன் வேணும், ஆள் போயி வரணும், இது ஒவ்வொண்ணும் மாட்டிக்கிறதுக்கு ஒரு வழி. மாட்டிக்கக் கூடாதுன்னு தொடர்ப குறைச்சா கீழ இருக்குறவன் காச சுருட்டுவான், சொன்னத விட்டுட்டு வேற எங்கயாவது போயி வெட்டுவான், தலைவருக்கே தலைவலி. பின் லேடன் அபோட்டாபாத் வீட்ல போனும் இல்லாம நெட்டும் இல்லாம இருந்து ஆள் மூலமாவே லெட்டர் அனுப்பிக்கிட்டு இருந்தான், கடைசில அந்த லெட்டர் கொண்டு போற ஆளைப் பின்தொடர்ந்து போயிதான் அமெரிக்கா 2011 மே மாசம் வீட்டுக்குள்ள எறங்குச்சு.

அடுத்த கோடிய பாத்தா நெஜமாவே தனி ஆளா பண்ணவங்க இருக்காங்க. 2011 ஜூலை 22 நார்வேல பிரெய்விக் ஒருத்தனே ஆஸ்லோவுல குண்டு வச்சு, அப்புறம் உதோயா தீவுக்குப் போயி சின்னப் பசங்கள சுட்டு மொத்தம் 77 பேர் செத்தாங்க. 2019 மார்ச் 15 நியூசிலாந்து கிறைஸ்ட்சர்ச்ல ரெண்டு மசூதில ஒருத்தன் 51 பேர கொன்னான், அதுவும் ஃபேஸ்புக்ல லைவ் போட்டுக்கிட்டே. இவங்களுக்கு மேல பாஸ் கிடையாது. ஆனா இந்த மாதிரி முழுசா தனி ஆளு இவ்வளவு பேர கொன்னது எண்ணிப் பாத்தா கம்மிதான்.

நடுவுல இருக்குறதுதான் ஜாஸ்தி, டிபேட்ல யாரும் பேசாததும் அதுதான். 2016 ஜூலைல ஜெர்மனில வூர்ஸ்பர்க் ரயில்ல ஒரு பையன் கோடாலியால வெட்டினான், அடுத்த வாரமே ஆன்ஸ்பாக்ல ஒருத்தன் குண்டு கட்டிக்கிட்டு வெடிச்சு அவன் மட்டும் செத்தான். ரெண்டையும் முதல்ல லோன் உல்ஃப், அதாவது தனி ஆள் வேலைன்னு எழுதினாங்க, போனைத் தொறந்து பாத்தா ரெண்டு பேருமே ஐஎஸ் ஆளோட சாட்ல இருந்திருக்கானுங்க, கடைசி நேரம் வரைக்கும்.

நம்ம 26/11 அதோட உச்சம். கராச்சிலேர்ந்து படகுல கெளம்பி, நடுக்கடல்ல குபேர்ங்குற மீன்பிடி படக கடத்தி, பத்தே பேர் மும்பைல எறங்கி 166 பேர கொன்னாங்க. எறங்கின பத்து பேரும் இருபத்து சொச்சம் வயசு பசங்க. மூளை எல்லாம் பாகிஸ்தான்ல ஒரு ரூம்ல இன்டர்நெட் போன முன்னாடி வச்சுக்கிட்டு டிவிய பாத்துக்கிட்டு இருந்துச்சு. அந்த போன் பேச்சு கோர்ட்லயே இருக்கு. தாஜ் ஓட்டல் ரூம்ல பெரிய பெரிய ஸ்க்ரீன் வச்ச கம்ப்யூட்டர் இருக்குன்னு இந்தப் பசங்க வாயப் பொளந்துட்டு வேடிக்கை பாக்குறாங்க, அந்தப் பக்கத்துல இருக்குறவன் தீ வச்சியா இல்லையா, இன்னும் ஏன் வைக்கல, நெருப்பு தெரிஞ்சாதான் ஜனம் பயப்படும்னு விடாம நச்சரிக்கிறான். அதுக்கு ரொம்ப நாள் முன்னாடியே டேவிட் ஹெட்லி அமெரிக்க பாஸ்போர்ட்டோட டூரிஸ்ட் மாதிரி வந்து எந்த வாசல் எங்க இருக்கு, படகு எங்க ஒதுங்கலாம்னு வீடியோ எடுத்துட்டுப் போயிட்டான். இதுல யாரை எடுத்துட்டா தாக்குதல் நடந்திருக்காதுன்னு யோசிச்சுப் பாருங்க. அந்தப் பத்துப் பேருக்குப் பதிலா வேற பத்துப் பேர் கிடைச்சிருப்பாங்க. ஹெட்லி மாதிரி ஒருத்தன், போன்ல உக்காந்தவன் மாதிரி ஒருத்தன் கிடைக்கிறதுதான் கஷ்டம்.

என் கணிப்பு இதுதான். சாகத் தயாரா இருக்குறவனுக்கு ஒருநாளும் பஞ்சம் வராது, மேல உக்காந்து கொள்கை பேசுறவனுக்கும் பஞ்சம் இல்ல, ரெண்டு பேரையும் சேத்து வைக்கிறவன், குண்டு செய்யத் தெரிஞ்சவன், இடம் பாத்து வைக்கிறவன், ரூம் எடுத்துக் குடுக்குறவன் இந்த நடு ஆளுங்கதான் எண்ணிக்கைல கம்மி. அவனுங்கள எட்டிப் புடிக்கிற வழி எதுவோ அதுல காசு போடணும். இந்த அளவுகோல வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா பாப்போம்.

முதல்ல ஆர்மி. கோவம் வந்தா எல்லாருக்கும் தோணுற முதல் வழி. 2001க்கு அப்புறம் அமெரிக்கா நடத்துன போர்களோட மொத்த செலவ பிரவுன் யூனிவர்சிட்டி ஆளுங்க 8 டிரில்லியன் டாலர்னு கணக்கு போட்டாங்க, நேரடியா செத்தவங்க மட்டும் ஏறக்குறைய 9 லட்சம் பேர். எதுக்காக? 9/11 நடத்துனது 19 பேர், அதுக்கு அல் கைதாவுக்கு ஆன செலவு 4 முதல் 5 லட்சம் டாலர்னு அவங்க விசாரணைக் கமிஷனே சொல்லுச்சு. இருபது வருஷம் கழிச்சு 2021 ஆகஸ்ட்ல காபூல் திரும்ப தாலிபான் கைல. ஈராக் இன்னும் மோசம், சதாம் காலத்துல அல் கைதாவுக்கு அங்க பெருசா எடமே இல்ல, அமெரிக்கா உள்ள போயி ஆர்மிய கலைச்சு லட்சக்கணக்கான ஆளுங்கள வேலை இல்லாம ரோட்ல விட்டு, சந்தேகப்பட்டவன எல்லாம் கேம்ப் புக்காங்குற ஜெயில்ல ஒண்ணா போட்டு அடைச்சாங்க, அங்க 2004ல அடைபட்டு வெளிய வந்தவங்கள்ல ஒருத்தன்தான் பின்னாடி ஐஎஸ் தலைவன் ஆன பாக்தாதி. நடு ஆளுங்களும் பழைய ராணுவ ஆபீசர்ஸும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிறதுக்கு அரசாங்க செலவுலயே எடம் போட்டுக் குடுத்த மாதிரி ஆச்சு.

அதுக்காக ஆர்மியே வேணாம்னு சொல்ல முடியாது. 2014ல ஐஎஸ் மொசூல புடிச்சு வரி வசூல் பண்ணி, சம்பளம் குடுத்து, பொறப்பு சர்டிஃபிகேட் வரைக்கும் அடிச்சுக்கிட்டு இருந்தப்போ அங்க போயி எந்த இன்ஸ்பெக்டர் வாரண்ட் காட்டுவார்? நெலம் கைல இருக்குற அமைப்ப படை வச்சுதான் எடுக்கணும், எடுத்தாங்க, 2019 மார்ச்ல சிரியாவுல பகூஸ் விழுந்ததோட அந்த நெலம் போச்சு. நெலம் போனதும் வெளிநாட்டுப் பசங்க பிளைட் ஏறிப் போறது நின்னு போச்சுங்குறதும் உண்மை. ஆனா அமைப்பு போகல, ஆப்கான்லயும் ஆப்பிரிக்காவுலயும் கிளை கிளையா இருக்கு.

நெலம், கடற்படை, விமானம்னு எல்லாம் வச்சிருந்த அமைப்ப ஒரு நாடு ராணுவத்தால மட்டுமே முடிச்சதுக்கு உதாரணம்னு உலகத்துல எல்லாரும் காட்டுறது இலங்கை 2009. புலிகள எந்தப் பேர் சொல்லி கூப்பிடுறதுங்குறதுல நமக்குள்ள ஆயிரம் சண்டை இருக்கு, அதுக்குள்ள நான் போகல. ஆனா அந்த மாடல மத்த நாடுகளுக்கு சிபாரிசு பண்றவங்க விலையையும் சேத்து சொல்லணும், கடைசி மாசங்கள்ல 40,000 பொதுமக்கள் வரைக்கும் செத்திருக்கலாம்னு ஐநா நிபுணர் குழு சொன்னது, காணாமப் போனவங்க போட்டோவ வச்சுக்கிட்டு அம்மாக்கள் இன்னும் ரோட்ல உக்காந்திருக்கிறது. அமைப்பு முடிஞ்சுது, எதுக்காக ஆரம்பிச்சுதோ அந்தப் பிரச்சினை அப்படியே நிக்குது.

ராண்ட்னு ஒரு அமெரிக்க ஆய்வு நிறுவனம், பென்டகனுக்கே வேலை பாக்குற எடம், 2008ல ஒரு கணக்கு எடுத்துச்சு. 1968லேர்ந்து 2006 வரைக்கும் இருந்த 648 குழுக்கள எடுத்துப் பாத்து, உடைஞ்சு வேற குழுவா ஆனத எல்லாம் தள்ளிட்டு, உண்மையா முடிஞ்சு போனது எப்படி முடிஞ்சுதுன்னு பாத்தா 43 சதவீதம் அரசியலுக்குள்ள வந்து, 40 சதவீதம் போலீஸ் உளவு வேலையால, 10 சதவீதம் அவங்க கேட்டது கிடைச்சு, வெறும் 7 சதவீதம்தான் ராணுவத்தால. இதுல சின்னச் சின்ன குழுக்கள் நிறைய, அதனால போலீஸ் பங்கு கொஞ்சம் பெருசா தெரியும்னு ஒரு வாதம் இருக்கு, நியாயம்தான். ஆனா 7ங்குற நம்பர் எங்க போனாலும் 7தான்.

அடுத்தது தலையை எடுக்குறது. ஆர்மிய விட சீப், ட்ரோன் இருந்தா போதும், மறுநாள் பேப்பர்ல முதல் பக்கம் வரும். இது வேலை செய்யுமாங்குறது எதிர்ல இருக்குறது எந்த மாதிரி அமைப்புங்குறத பொறுத்து இருக்கு. பெரு நாட்டுல ஷைனிங் பாத்னு ஒரு மாவோயிஸ்ட் கூட்டம், அபிமாயல் குஸ்மான்ங்குற பழைய ஃபிலாசபி புரொஃபசர்தான் எல்லாமே, கட்சிக்கு கொள்கை, கடவுள், கமாண்டர் எல்லாம் அந்த ஒரே ஆள். ராணுவம் பத்து வருஷம் மலை கிராமத்துல சுட்டுத் தள்ளியும் முடியல, சண்டைல செத்தவங்க 69,000 பேர் இருக்கும்னு அவங்க உண்மை கண்டறியும் கமிஷன் பின்னாடி சொல்லுச்சு. கடைசில லிமா போலீஸ்ல ஒரு சின்ன டீம், ஜீப்பு கூட ஒழுங்கா இல்லாத டீம், ஒரு டான்ஸ் கிளாஸ் நடக்குற வீட்ட நோட்டம் விட்டாங்க. டான்ஸ் டீச்சர் மட்டும் தங்கியிருக்குறதா சொன்ன வீட்டுலேர்ந்து இவ்வளவு குப்பை ஏன் வருது? குப்பைய எடுத்துக் கிளறினா குஸ்மான் புடிக்கிற பிராண்ட் சிகரெட் துண்டு, அவனுக்கு இருந்த சொரியாசிஸ் வியாதிக்கு போடுற ஆயின்ட்மென்ட் ட்யூப். 1992 செப்டம்பர் 12 ராத்திரி உள்ள போயி புடிச்சாங்க, சாகடிக்கல. கூண்டுக்குள்ள கோடு போட்ட சட்டையில அவனை டிவில காட்டினதோட அந்த இயக்கம் சரிய ஆரம்பிச்சுது.

இதே வேலைய வேற எடத்துல பாருங்க. 1992லயே லெபனான்ல ஹிஸ்புல்லா தலைவர் முசாவிய இஸ்ரேல் ஹெலிகாப்டர்லேர்ந்து அடிச்சுது, அடுத்து வந்தது நஸ்ரல்லா, முசாவிய விட பல மடங்கு கெட்டிக்காரர், 32 வருஷம் ஓட்டினார். ஈராக்ல 2006 ஜூன்ல அங்க இருந்த அல் கைதா தலைவன் ஜர்காவிய குண்டு போட்டு கொன்னாங்க, அவன் விட்டுட்டுப் போன கூட்டம்தான் ஐஎஸ் ஆச்சு. 2022ல பின் லேடனுக்கு அப்புறம் அல் கைதா தலைவனா இருந்த ஜவாஹிரிய காபூல் பால்கனில வச்சு எடுத்தாங்க, கிளைகள் எதுவும் கடையை மூடல. ஒரே ஆளை நம்பி நிக்கிற கட்சின்னா தலைய எடுக்கலாம், அதுவும் உயிரோட புடிச்சா இன்னும் நல்லது, பேசவாவது செய்வான். கமிட்டி, துணைத்தலைவர்னு ஆஃபீஸ் மாதிரி ஓடுற அமைப்புன்னா நாற்காலில வேற ஒருத்தன் வந்து உக்காருவான், அவ்வளவுதான். நான் சொன்ன நடு ஆளுங்க மேல ட்ரோன் போடுறது கொஞ்சம் பலன் தரும், ஆனா அவன் கோயம்புத்தூர்லயோ பிரசெல்ஸ்லயோ அப்பார்ட்மென்ட்ல இருந்தா ட்ரோன வச்சு என்ன பண்றது?

பணத்தை அடைக்கிறது பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல. நாடுகள மடக்க இது நல்லா வேலை செய்யுது, தீவிரவாதத்துக்குப் போற பணத்த கண்காணிக்கிற எஃப்ஏடிஎஃப்ங்குற சர்வதேச அமைப்பு பாகிஸ்தான 2018 ஜூன்ல கிரே லிஸ்ட்ல போட்டதுக்கு அப்புறம்தான் லஷ்கர்-இ-தொய்பாவ ஆரம்பிச்ச ஹஃபீஸ் சயீத் மேல கேஸ் நகர்ந்து 2020ல தண்டனை வந்துச்சு, அத்தனை வருஷம் நாம ஃபைல் ஃபைலா குடுத்து நடக்காதது. ஆனா சின்னக் குழு லெவல்ல காசு பாத்து கண்டுபிடிக்கிறது கஷ்டம். 2005 லண்டன் ரயில் குண்டுகளுக்கு மொத்த செலவு 8,000 பவுண்டுக்கும் கம்மி. கொழும்பு ஈஸ்டர் தாக்குதல்ல ரெண்டு பேர் பெரிய மசாலாப் பொருள் வியாபாரியோட மகனுங்க, சொந்தமா செம்பு ஃபேக்டரி இருந்துச்சு, எந்த ஹவாலா ஏஜெண்ட்டும் தேவைப்படல.

கடுமையான சட்டம்ங்குறது ஒவ்வொரு குண்டுக்கும் அடுத்த மாசம் வர்றது. தடா வந்துச்சு, 1995ல போச்சு, 2002ல பொடா வந்துச்சு, 2004ல போச்சு, இப்ப யுஏபிஏ. தமிழ்நாட்டுல பொடான்னா நமக்கு ஞாபகம் வர்றது குண்டு வச்சவனா? வைகோதான். பார்லிமென்ட்ல அந்த சட்டத்த ஆதரிச்ச கூட்டணில இருந்தவர், 2002ல திருமங்கலத்துல பேசின ஒரு பேச்சுக்காக அதே சட்டத்துல ஏர்போர்ட்லயே அரெஸ்ட் ஆகி பத்தொன்பது மாசம் வேலூர் ஜெயில்ல இருந்தார். நக்கீரன் கோபாலும் நெடுமாறனும் உள்ள போனாங்க. இலங்கைல 1979ல தற்காலிகம்னு கொண்டு வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்த மூணே வருஷத்துல நிரந்தரம் ஆக்கிட்டாங்க, அதுல உள்ள போன பசங்க கதைய யாழ்ப்பாணத்துக்காரங்க கிட்ட கேளுங்க. ஜாமீன் இல்லாம அடைச்சு வைக்கிறது விசாரணைக்கு கொஞ்சம் நேரம் வாங்கிக் குடுக்கும், மறுக்கல. அதோட விலை அந்தத் தெருவுல இருக்குற மத்தவங்க வாய மூடிக்கிறது.

பேச்சுவார்த்தை. இது கேக்குறதுக்கு கோழைத்தனமா தெரியும், ராண்ட் கணக்குல இதுதான் முதல் எடம். நம்ம நாட்டுலயே மிசோரம் இருக்கு, 1966 மார்ச்ல ஐஸ்வால் மேல நம்ம ஏர்ஃபோர்ஸே குண்டு போட்டுச்சு, கிராமம் கிராமமா ஜனத்த கிளப்பிக் கொண்டுபோயி முகாம் மாதிரி எடத்துல வச்சாங்க, இருபது வருஷம் அடங்கல. 1986 ஜூன் 30ல ஒப்பந்தம் போட்டாங்க, போராளிகளோட தலைவர் லால்டெங்கா முதலமைச்சர் ஆனார். அவரோட இயக்கத்துல இருந்த ஜோரம்தாங்கா பின்னாடி மூணு தடவை முதலமைச்சர். வட அயர்லாந்துல 1971ல விசாரணை இல்லாம ஆளுங்கள அள்ளிப் போட்டு, 1972 ஜனவரில டெர்ரி ஊர்ல ஊர்வலம் போனவங்க மேல ராணுவம் சுட்டு அன்னைக்கே 13 பேர் செத்தாங்க, அதுக்கப்புறம் பிரிட்டனை எதிர்த்த ஐஆர்ஏங்குற ஆயுதக் குழுவுல சேர பசங்க லைன் கட்டினாங்க. அங்கயும் 1998 ஒப்பந்தம்தான் முடிச்சு வச்சுது, ஆயுதம் முழுசா கைய விட்டுப் போக 2005 ஆச்சு.

ஆனா பேசணும்னா ரெண்டு விஷயம் வேணும், குடுக்கக்கூடிய மாதிரி ஒரு கோரிக்கை, சொன்னா கீழ இருக்குறவன் கேக்குற மாதிரி ஒரு தலைவர். அதாவது நல்லா ஆர்கனைஸ்டா இருக்குற எதிரிகிட்டதான் பேச முடியும், இது கொஞ்சம் வேடிக்கையான விஷயம்தான். உலகம் பூரா கிலாஃபத் வேணும்னு கேக்குற ஐஎஸ் கிட்ட எத குடுக்கிறது, கிறைஸ்ட்சர்ச்காரன் கிட்ட யார் உக்காந்து என்ன பேசுறது? ஊர், மொழி, நெலம் கேட்டு ஆரம்பிச்ச சண்டைக்கு இது, மத்ததுக்கு இல்ல.

கடைசில போலீஸ் உளவு வேலை. போரடிக்கிற வழி, படம் எடுக்க முடியாத வழி. எனக்குப் புடிச்ச உதாரணம் இந்தோனேஷியா. 2002 அக்டோபர் 12 பாலி தீவுல ஜெமா இஸ்லாமியாங்குற தீவிரவாத அமைப்பு வச்ச குண்டுல 202 பேர் செத்தாங்க. வெடிச்ச வேன்ல சேசிஸ் நம்பர அவனுங்க ராவி எடுத்துட்டாங்க, ஆனா அந்த வண்டி ஒரு காலத்துல ஷேர் வேனா ஓடினப்போ அடிச்ச இன்னொரு நம்பர் இருக்குறது அவனுங்களுக்குத் தெரியல. சிதறின இரும்புத் துண்டுகள்ல போலீஸ் அத கண்டுபுடிச்சு, வண்டி யார் யார் கை மாறுச்சுன்னு ஒவ்வொரு ஓனரா கேட்டுக்கிட்டே போயி ஒரு மாசத்துக்குள்ள கடைசியா வண்டிய வாங்கின அம்ரோசிய வீட்ல வச்சு தூக்கிட்டாங்க.

அதுக்கப்புறம் அவங்க பண்ணதுதான் முக்கியம். டென்சஸ் 88னு தனிப் படை 2003ல போட்டாங்க, ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும் ட்ரெய்னிங்கும் காசும் குடுத்தது. அவங்க குறி வச்சது முக்கியமா நடு ஆளுங்கள, குண்டு செய்யத் தெரிஞ்ச மலேசிய இன்ஜினியர் அசஹாரி 2005ல செத்தான், ஆள் சேக்குற நூர்தின் டாப் 2009ல. புடிச்சவங்கள கோர்ட்ல நிறுத்தினாங்க, எல்லாரும் பாக்குற மாதிரி கேஸ் நடந்துச்சு. பேசக்கூடியவங்கள பேச வச்சாங்க, பாலி ஆளுங்களுக்கு ஆப்கான் பக்கம் ட்ரெய்னிங் குடுத்த நாசிர் அப்பாஸ்ங்குற கமாண்டரே மனசு மாறி போலீசுக்கு உதவி பண்ணாரு, சங்கத்துக்குள்ள யாருக்கு என்ன பொறுப்புன்னு படம் வரைஞ்சு குடுத்த மாதிரி. 2024 ஜூன் 30ல ஜெமா இஸ்லாமியா பெரிய தலைங்க மேடைல நின்னு அமைப்ப கலைக்கிறோம்னு சொன்னாங்க. இந்தப் படை மேலயும் கஸ்டடி சாவு, சித்திரவதைன்னு புகார் இருக்கு, சுத்தமான கைன்னு நான் சொல்லல. 2018 மே மாசம் சுரபாயாவுல ஒரு குடும்பமே, அப்பா அம்மா நாலு புள்ளைங்க, மூணு சர்ச்ல போயி வெடிச்சாங்க, அத இவங்களால தடுக்க முடியல. அப்பவும் மத்த வழிகளோட பக்கத்துல வச்சுப் பாத்தா குறைஞ்ச ரத்தத்துல இவ்வளவு பலன் எங்கயும் பாக்கல.

இதுக்கு நேர் எதிரா கொழும்பு. 2019 ஏப்ரல் 21, மூணு சர்ச், மூணு பெரிய ஓட்டல், 260 பேருக்கு மேல செத்தாங்க. இங்க உளவு கிடைக்கலன்னு யாரும் சொல்ல முடியாது. கோவைல என்ஐஏ விசாரிச்சுக்கிட்டு இருந்த ஒரு ஐஎஸ் கேஸ்ல சிக்கின வீடியோவுல, இந்தத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கின சஹ்ரான் ஹாஷிம் பேச்சு இருந்துச்சு, இந்தியா ஏப்ரல் 4ஆம் தேதியே ஆள் பேரு, சர்ச்னு எடம் வரைக்கும் சொல்லி இலங்கைக்கு தகவல் குடுத்தாச்சு. 11ஆம் தேதி ஒரு டிஐஜி கையெழுத்தோட சுற்றறிக்கையும் போயிருக்கு. அதுக்கு முன்னாடி ஜனவரில வனாத்தவில்லுல வெடிமருந்து குவியலே புடிபட்டுச்சு. ஆனா ஜனாதிபதியும் பிரதமரும் 2018 அக்டோபர்லேர்ந்து முகம் குடுத்துப் பேசிக்கல, பாதுகாப்பு சபை கூட்டத்துக்கு பிரதமர கூப்பிடுறதே இல்ல. 2018 நவம்பர்ல வவுணதீவுல ரெண்டு போலீஸ்காரங்கள சஹ்ரான் ஆளுங்க கொன்னப்போ, பழைய புலிக்காரங்கதான் பண்ணியிருப்பாங்கன்னு ஒருத்தர புடிச்சு உள்ள போட்டாங்க. 2023 ஜனவரில உச்ச நீதிமன்றம் அப்போ ஜனாதிபதியா இருந்த சிறிசேனாவ 10 கோடி ரூபா நஷ்டஈடு கட்டச் சொல்லுச்சு.

இதுல என்னை ரொம்ப உறுத்துற விஷயம், சஹ்ரானோட சொந்த ஊர் காத்தான்குடி முஸ்லிம்களே அவன பத்தி வருஷக்கணக்கா புகார் குடுத்துக்கிட்டு இருந்தாங்க. 2017 மார்ச்ல சூஃபி ஆளுங்கள அவன் கூட்டம் அடிச்சதுல வாரண்டே இருந்துச்சு. குண்டு வெடிச்சு அஞ்சு நாள் கழிச்சு சாய்ந்தமருதுல ஒரு வீட்ல அவன் குடும்பம் பதுங்கியிருந்தப்பவும் புதுசா குடி வந்தவங்க மேல சந்தேகப்பட்டு தகவல் சொன்னது அந்த ஊர் முஸ்லிம் ஜனம்தான். அடுத்த மாசமே மினுவாங்கொடை, குருணாகல் பக்கம் அதே சமூகத்தோட கடைய கொளுத்தினாங்க. இனி ஒருத்தன் எதையாவது பாத்தா ஸ்டேஷனுக்கு வந்து சொல்லணுமா வேணாமா? உளவுத்துறைக்கு எத்தனை சாஃப்ட்வேர் வாங்கிக் குடுத்தாலும் பக்கத்து வீட்டுக்காரன் கண்ணு மாதிரி வராது, அந்த ஆளை விரோதி ஆக்குற எந்த வழியும் எனக்கு நஷ்டக் கணக்குலதான் வருது.

எச்சரிக்கைய குப்பைல போடுறது இலங்கை மட்டும் இல்ல. 2024 ஜனவரில ஈரான் கெர்மான்ல குண்டு வெடிக்கிறதுக்கு முன்னாடி அமெரிக்கா, அதுவும் ஈரானுக்கு, தகவல் குடுத்திருக்கு. அதே வருஷம் மார்ச் 7ஆம் தேதி மாஸ்கோவுல கச்சேரி மாதிரி கூட்டம் கூடுற எடத்துக்குப் போகாதீங்கன்னு அமெரிக்கத் தூதரகம் அறிவிப்பே போட்டுச்சு, புடின் இது நம்மள மிரட்டுற வேலைன்னார், 22ஆம் தேதி குரோகஸ் ஹால்ல 140 பேருக்கு மேல செத்தாங்க. அதே வருஷம் ஆகஸ்ட்ல வியன்னாவுல டெய்லர் ஸ்விஃப்ட் கச்சேரிய குறி வச்சதா அமெரிக்கா தகவல் குடுத்தப்போ ஆஸ்திரியா போலீஸ் உடனே போயி பத்தொன்பது வயசுப் பையன தூக்கிட்டாங்க, கச்சேரி நடத்துறவங்க மூணு ஷோவையும் கேன்சல் பண்ணிட்டாங்க. ரசிகைகள் ரோட்ல நின்னு பாட்டுப் பாடிட்டு வீட்டுக்குப் போனாங்க.

மனசு மாத்துற ப்ரோக்ராம் பத்தி ஒரு வார்த்தை. இந்தோனேஷியாவுல ஜெயில்ல உள்ளவங்க குடும்பத்துக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டினது வரைக்கும் போலீஸே செஞ்சிருக்கு, ஓரளவு பலன் இருந்துச்சு. லண்டன்ல 2019 நவம்பர்ல உஸ்மான் கான்ங்குறவன் கைதிகள் மறுவாழ்வு பத்தின கூட்டத்துக்கே விருந்தாளியா வந்து, அங்கேயே ரெண்டு பேர குத்திக் கொன்னான். கொஞ்சம் காசு போடலாம், இத நம்பி கண்காணிப்ப எடுத்துடக் கூடாது.

அப்ப நான் முடிவெடுக்குற எடத்துல இருந்தா? பெரும் பங்கு போலீஸ் உளவுக்கு, அதுலயும் டெல்லி தலைமையகத்த விட ஜில்லா லெவலுக்கு. நெலம் புடிச்சு உக்காந்திருக்குற எதிரின்னா மட்டும் ஆர்மி, பேச ஆள் இருந்தா பேச்சு அதுவும் போலீஸ் வேலை நடக்கும்போதே, ட்ரோன் கடைசி. புது சட்டத்துக்கு ஒரு ரூபா கூட வேணாம், இருக்குறதுலயே கேஸ சீக்கிரம் முடிக்க கோர்ட்டும் ஜட்ஜும் போடுங்க.

இந்த வழில ஓட்டை இல்லன்னு நினைச்சிடாதீங்க. 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தின நாள் விடியக்காலை, கோவை உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் வாசல்ல சிலிண்டர் வச்ச கார் வெடிச்சு ஜமேஷா முபின் செத்தான். அவனை 2019லயே என்ஐஏ கூப்பிட்டு விசாரிச்சிருக்கு, அன்னைக்கு புடிச்சு வைக்கிற அளவுக்கு ஒண்ணும் இல்லன்னு விட்டுட்டாங்க, சட்டப்படி அது சரியும் கூட. அதுக்கப்புறம் மூணு வருஷம் அவனை யார் பாத்துக்கிட்டு இருக்கணும்? ஒருத்தன 24 மணி நேரமும் கண்ல வச்சுக்க ஷிப்ட் போட்டா இருபது ஆளாவது வேணும், கூப்பிட்டு விசாரிச்ச எல்லார் பின்னாடியும் அப்படி நிக்க எந்த நாட்டாலயும் முடியாது. யாரை லிஸ்ட்லேர்ந்து இறக்குறது, இறக்கினவன எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை திரும்ப எட்டிப் பாக்குறதுங்குறதுதான் நெஜமான கஷ்டம், 1998 பிப்ரவரி 14ல 58 பேர பறிகொடுத்த ஊருக்கே அது இன்னும் புடிபடல. கார் வெடிச்ச அப்புறம் கரும்புக்கடை, சுந்தராபுரம், கவுண்டம்பாளையம்னு மூணு புது ஸ்டேஷன் போட்டாங்க, எனக்கு அது நல்ல முடிவாத்தான் படுது, ஆனா அங்க போடுற எஸ்ஐயையும் ஏட்டையும் தெருக்காரங்க பேரச் சொல்லி கூப்பிடுற அளவுக்கு பழகின நேரம் பாத்து டிரான்ஸ்பர் அடிக்காம இருக்கணும், பந்தோபஸ்து டூட்டிக்கு அங்கேந்து ஆள் எடுக்காம இருக்கணும், அதுக்கு யாரும் ஜிஓ போட்ட மாதிரி தெரியல.